நஞ்சையில் மனைப்பிரிவைத் தடுத்து, ஊரில் வாழ்வோருக்கு மனை வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஊராட்சிப் பொதுமக்கள் மற்றும் பாசன விவசாயிகள்,
குடவாசல் வட்டம், திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருவாரூர் மாவட்டம்.

பொருள்: நஞ்சை நிலங்கள் வீட்டுமனைகளாக்கப்படுவதைத் தடுத்தல், தூர்க்கப்பட்ட வாய்க்காலை மீட்டல், மனையற்ற குடும்பங்களுக்கு மனைப்பட்டா வழங்கல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊரில் குடியிருப்போர் தொகை குறைந்துவரும் அதே காலத்தில் நிலத்தின் விலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. 2001க்கும் 2011க்கும் இடையே தமிழக மக்கள்தொகை 15.6 விழுக்காடு பெருகியபோது, நம் மாவட்டத்தில் அது சுமார் 8 விழுக்காடே பெருகியது. பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போய்விட்டதால் பூட்டிய வீடுகள் இல்லாத தெரு இன்று எங்கள் ஊரில் இல்லை. போனவர்களை நாங்கள் குறை கூறவில்லை. அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது.

இந்த நிலையில் புதிய மனைகளை வாங்குவோர் யார் என்பதைத் தாங்கள் கருத வேண்டுகிறோம். பெரும்பாலோர் இங்கு வந்து வாழப்போகிறவர்கள் அல்லர். பணத்தை நிலத்தில் போட்டுவைக்கும் வெளியூர்க்காரர்கள். சாலையோர நஞ்சையில் கிராவல் அடித்து, மஞ்சள் வண்ணம் பூசிய கற்களை நட்டு விற்கப்பட்ட மனைகளில் இன்றுவரை ஒரு வீடும் எழவில்லை. கல்லுக்குக் கல் சீமைக்கருவேலம் மண்டிக்கிடக்கிறது. ஆயினும் அங்குச் சதுர அடிக் கணக்கில் பதிவான விலையையே தரகர்கள் பக்கத்து வயலுக்கும் சொல்வதால், 33 சென்ட் கொண்ட ஒரு மா நிலத்தைக்கூடக் குத்தகைதாரர் ஒருவர் உழுவதற்கென்று வாங்க முடிவதில்லை.

அதைவிடப் பெரிய கேடு வாய்க்காலுக்கு நேர்ந்துள்ளது. மனைப்பிரிவுக்குப் பாதை போட்டவர்கள், வயல்களுக்குப் பாசனமாகவும் மழைக்காலத்தில் வடிகாலாகவும் இருந்த வாய்க்காலைத் தூர்த்து, அதற்குப் பதிலாக ஓர் ஆள் கை நுழையுமளவே உள்ள பிளாஸ்டிக் குழாயைப் புதைத்திருக்கிறார்கள். மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்தாலும் கடைமடை வயல்களுக்கு முறையாக ஏறுவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழைநீர் வடிய வழியின்றிச் சம்பா நடவு மூழ்கி அழுகுகிறது. நில அளவை வரைபடமான புலப்படத்தில் வாய்க்கால் புறம்போக்கு என்றிருக்கும் இடத்தில் இன்று வண்டி ஓடுகிறது. இப்படி இரண்டு போகம் கெட்டால், விற்க மனமில்லாதவரும் விற்கும்படி ஆகிவிடும்.

இவ்வளவு மனைகள் கிடந்தும், அந்த வயல்களில் தலைமுறையாக நாற்றுப் பறித்து நடவு செய்யும் குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் மூன்று குடித்தனமாக நெருங்கி வாழ்கின்றன. ஊரில் நிலைத்து இருக்கப்போகிறவர்கள் இவர்களே. இவர்களுக்கும் இடமில்லையென்றால் நடவுக்கு ஆள் எங்கிருந்து வரும், ஊர்ப்பள்ளியில் சேரப் பிள்ளைகள் ஏது?

2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் ஹைட்ரோகார்பன் போன்ற திட்டங்களிலிருந்து எங்கள் மண்ணைக் காத்ததற்கு நன்றியுடையோம். மனைப்பிரிவுகளை அது நேரடியாகத் தடுப்பதில்லை என்பதால், நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-அ பிரிவின்படி நஞ்சையின் பயன்பாட்டை மாற்றக் கோரும் விண்ணப்பங்கள் வரும்போது, அந்நிலத்தின் பாசனத்தையும் வடிகாலையும் நேரில் ஆய்வு செய்யாமல் இசைவு வழங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதற்குப் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு விதிக்கும் தடை எங்கள் பகுதியில் முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட வேண்டும். வாய்க்காலை நில அளவர் மூலம் அளந்து, 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி ஆக்கிரமிப்பை அகற்றி, அடுத்த சம்பா நடவுக்கு முன் பழைய அகலத்திலும் ஆழத்திலும் வெட்டித்தர வேண்டுகிறோம். ஊர்க் குடியிருப்புக்கென ஒதுக்கப்பட்ட கிராம நத்தத்தில் காலியாக உள்ள இடங்களைக் கணக்கெடுத்து, மனையற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பங்களுக்கு, பெண்கள் பெயரில், இலவச மனைப்பட்டா வழங்குமாறும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊராட்சிப் பொதுமக்கள்.