பங்கு மலரில் ஒரு கட்டம்

அன்புள்ள கண்ணுவுக்கு அம்மா எழுதுவது.

அங்கே குளிர் தொடங்கிவிட்டதாக அப்பா சொன்னார். குழந்தையை வெளியே எடுத்துப் போகும்போது தலையை மூடிக்கொள்.

ஆண்டு மலருக்கு நம் கோயில் பங்கின் வரலாற்றை எழுதித் தரும் பொறுப்பைச் சாமியார் என்னிடம் ஒப்படைத்திருப்பதால், என் மாலை வேளையெல்லாம் பங்கு அலுவலகத்திலேயே கழிகிறது. பிரெஞ்சுச் சாமியார்கள் இலத்தீனில் எழுதிவைத்த ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினாலே ஓரம் உதிர்கிறது. ஆனாலும் பிள்ளை, தாய் தகப்பன், ஞானப் பெற்றோர் என ஒரு பெயரும் விடுபடவில்லை.

1773-இல் ரோமாபுரி இயேசு சபையைக் கலைத்த பிறகு கொங்கு நாட்டில் குருக்கள் அருகிப்போனார்கள். பூசை காணாமல் கிடந்த ஊர்களில், வேதம் கற்பிக்கும் உபதேசியார்களே ஜெபம் சொல்லி, பிறந்த குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். சாமியார் இல்லை என்பதற்காக எந்தத் தாயும் அதைத் தள்ளிப்போடவில்லை.

பாரிஸ் மிஷன் என்ற குருக்கள் சபையிலிருந்து வந்து, 1846 அக்டோபர் 4-இல் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட பிரெசில்லாக் ஆண்டகைக்கு, இந்த மண்ணின் பிள்ளைகளே குருக்களாகித் திருச்சபையை நடத்த வேண்டும் என்பதே ஆசை. சாதி வழக்கங்களை எந்த அளவுக்கு அனுமதிப்பது என்ற சிக்கலில் மனம் ஒப்பாமல் 1855-இல் பதவி விலகி, 1859-இல் ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனில் காய்ச்சல் கண்டு 45 வயதில் இறந்தார். அவரைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டேன். குறைக்க மனம் வரவில்லை.

1853-இல் ரவேல் சாமியார் கோவையில் தொடங்கிய கன்னியர் சபை பெண்பிள்ளைகளின் படிப்பைத் தன் பணியாக ஏற்றது என்று எழுதும்போது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். ஓலைக் கொட்டகையில் உபதேசியார் எழுத்துச் சொல்லிக்கொடுத்துத் தொடங்கிய நம் பள்ளியில் படித்தவள், இன்று எவ்வளவு பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறாய் என்று டீச்சர்களிடம் சொல்லாத நாளில்லை. அப்படிப் படித்தவளுக்கு வீட்டுக்கு நாலு வரி எழுதவா நேரமில்லை? ஞாயிறு பூசை முடிந்ததும் உன் ஞானத்தாய் கெபியருகே நின்று பேரனைப் பற்றிக் கேட்கிறார். உனக்கு வேலை அதிகம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

குளிரில் தலையை மூட மறக்காதே.

மலரின் பின்பகுதியில் பங்குக் குடும்பங்களின் அட்டவணை வருகிறது. நம் குடும்பத்தில் பேரன் பெயரையும் பிறந்த தேதியையும் நானே எழுதிவிட்டேன். ஞானஸ்நானத் தேதிக்கான கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. இம்மாதம் 20-ஆம் தேதிக்குள் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். அங்கேயே நடந்திருந்தால் தேதியையும் கோயிலின் பெயரையும் எழுது. இல்லையென்றால், கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வரும்போது இங்கே வைத்துக்கொள்ளச் சாமியாரிடம் பேசட்டுமா?

அன்புடன்,
அம்மா