எழுதி வாங்கியவர் பெயர் ஜோன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஃபோனில் பேசினால் பாதிப் பேச்சை உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், மீதியை நெட்வொர்க் விழுங்கிவிடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். லீவுக்கு நீயும் மாப்பிள்ளையும், பிரான்சில் நீங்கள் இருக்கும் தூலூஸிலிருந்து, ஃபோந்தவ்ரோ மடத்தைப் பார்க்கப் போவதாகச் சொன்னாய். "இங்கிலாந்து ராஜா குடும்பத்தைப் புதைத்த இடத்தில் எங்க தூலூஸ் பிரபுவுக்கு என்னப்பா வேலை?" என்று கேட்டாய். அவனுடைய அம்மா அங்கே இருந்தாள், அதுதான் வேலை. அந்த அம்மாள் பெயர் ஜோன். இங்கிலாந்து அரசன் இரண்டாம் ஹென்றியின் கடைசி மகள்.

நான் சரித்திரம் படித்தவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதியே காலம் தள்ளியவன். எதைப் படித்தாலும் எழுதிக்கொடுத்தவர் யார், எழுதி வாங்கியவர் யார், சாட்சி யார் என்றுதான் முதலில் என் கண் போகும். ஜோனின் கதையை அந்தக் கண்ணோடு படித்தால் வேறு மாதிரி தெரிகிறது. அவள் பெயரில் ஓயாமல் ஆவணம் எழுதியிருக்கிறார்கள். அவளைக் கேட்டு எழுதியதுதான் அபூர்வம்.

1165 அக்டோபரில் ஆன்ஜே நகரில் பிறந்தாள். தாய் அக்கித்தேன் நாட்டு எலினோர். பெண்களை எங்கே கட்டிக்கொடுப்பது என்பதில் ஹென்றிக்கு நல்ல கணக்கு இருந்தது. மூத்தவள் மட்டில்டாவை ஜெர்மனியில் சாக்சனி பிரபுவுக்கும், அடுத்தவள் எலினோரை ஸ்பெயினில் காஸ்டில் அரசனுக்கும் கொடுத்துவிட்டார். 1176இல் சிசிலி அரசன் இரண்டாம் வில்லியமின் தூதர்கள் வந்து கடைக்குட்டியைக் கேட்டார்கள். தாய் எலினோர் அப்போது கணவனின் காவலில் இருந்தாள். 1173இல் பிள்ளைகள் தகப்பனுக்கு எதிராகக் கிளம்பியபோது அவர்கள் பக்கம் நின்றதற்குத் தண்டனை. ஆகவே தூதர்கள் கேட்டது ராஜாவை, சம்மதம் சொன்னதும் ராஜா. பிறகு வின்செஸ்டருக்குப் போய்ப் பெண் பார்த்தார்கள், அழகாக இருக்கிறாள் என்று திருப்தியோடு திரும்பினார்கள். பெண்ணுக்குப் பத்து வயது.

மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒரு பழைய காயம் உண்டு. நாலு வருஷம் முன்னால் பைசாந்தியப் பேரரசரின் மகளைத் தருகிறோம் என்று சொன்னதை நம்பி, வில்லியம் தாரந்தோ துறைமுகத்தில் போய்க் காத்திருந்தான். பெண் வரவே இல்லை. இந்தப் பக்கம் ஹென்றிக்கும் கெட்ட பெயர். கான்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட் 1170இல் அவருடைய ஆட்கள் கையால் தேவாலயத்துக்குள்ளேயே வெட்டுப்பட்டுச் செத்திருந்தார். போப்பாண்டவரோடு நெருக்கமான சிசிலி சம்பந்தம் கிடைத்தால் கசக்குமா? இரு பக்கமும் தேவை இருந்தது, சட்டென்று முடிந்தது.

ஆகஸ்ட் கடைசியில் கிளம்பினாள். பாதி வழிக்கு மூத்த அண்ணன் ஹென்றி துணை, தெற்கே சான்-ஜில் துறைமுகம் வரை அடுத்த அண்ணன் ரிச்சர்டு. அந்தத் துறைமுகம் யாருடையது தெரியுமா? உங்கள் தூலூஸ் பிரபுக்களுடையது. அங்கே சிசிலியின் கப்பல்கள் 25 காத்திருந்தன. குளிர்காலக் கடல், பிள்ளைக்கு ஓயாத வாந்தி. தாங்க முடியாமல் நேப்பிள்ஸில் கரை இறக்கி, கிறிஸ்துமஸை அங்கேயே கழிக்க வைத்து, மிச்ச தூரத்தைத் தரைவழியாகவே கூட்டிப்போனார்கள். பலெர்மோவுக்குள் நுழைந்தது இரவில். அரசனின் குதிரை மேல் அவளை உட்காரவைத்து அழைத்துப் போக, ஊரே தீப்பிடித்ததுபோல விளக்குகள் எரிந்தன என்று ஹவ்டன் ஊர் ரோஜர் எழுதிவைத்திருக்கிறார். ஹென்றியிடம் எழுத்தராக வேலை பார்த்த பாதிரியார் அவர். 1177 பிப்ரவரி 13இல் கல்யாணமும் முடிசூட்டும் ஒன்றாக நடந்தன.

அந்த ரோஜருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். வில்லியம் தன் மனைவிக்கு எழுதிக்கொடுத்த சொத்துப் பத்திரத்தின் நகலைத் தன் நூலில் அப்படியே எடுத்து எழுதியிருக்கிறார். மொழிபெயர்ப்பில் படித்தேன். மோந்தே சாந்தாஞ்செலோ சீமை, சிப்போந்தோ நகரம், வியெஸ்தே நகரம், அவற்றைச் சேர்ந்த சகல பாத்தியங்களும் என்று ஓடுகிறது. கீழே பேராயர்களும் பிரபுக்களுமாகச் சாட்சி வரிசை. சுத்தமான ஆவணம், நான் எழுதியிருந்தாலும் பெரிதாக வித்தியாசம் இருந்திருக்காது. எழுதி வாங்கியவர் ஜோன், வயது பதினொன்று.

பிறகு பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் அவளைப் பற்றிப் பேச்சே குறைவு. ஆனால் அவள் வாழ்ந்த ஊரைப் பற்றி நல்ல சாட்சி இருக்கிறது. ஸ்பெயினிலிருந்து ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பிய இப்னு ஜுபைர் என்ற பயணி 1184 கடைசியில் சிசிலியில் இருந்தார். அரசன் அரபு எழுதப் படிக்கத் தெரிந்தவன், அரண்மனை வேலைக்காரர்கள் முஸ்லிம்கள் என்கிறார். கிறிஸ்துமஸ் அன்று பலெர்மோவின் கிறிஸ்தவப் பெண்கள் பொன்னிறப் பட்டு உடுத்தி, முகத்திரை போட்டு, மருதாணி பூசி, முஸ்லிம் பெண்களைப் போலவே தேவாலயத்துக்குப் போனார்களாம். வின்செஸ்டரில் வளர்ந்த பெண்ணுக்கு அந்த ஊர்தான் ஊராயிற்று.

1189 நவம்பரில் வில்லியம் இறந்தான், வாரிசு இல்லாமல். பட்டத்துக்கு உரியவள் அத்தை கான்ஸ்டன்ஸ். அவளோ ஜெர்மானிய அரச குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஜெர்மன்காரன் வந்து உட்காருவதைப் பொறுக்காதவர்கள் டாங்க்ரெட் என்ற உறவுக்காரனுக்கு முடிசூட்டினார்கள். முறைப்படி நடந்த கல்யாணத்தில் பிறந்தவன் இல்லை அவன். வந்ததும் விதவை ராணியைக் காவலில் வைத்தான், சொத்தைக் கையில் கொடுக்கவில்லை. அவனுக்கும் காரணம் இருந்தது. மோந்தே சாந்தாஞ்செலோ இருப்பது இத்தாலியின் கிழக்குக் கரையில், ஜெர்மானியப் படை இறங்கி வரக்கூடிய பக்கம். அதை ஒரு பெண்பிள்ளை கையில் விட அவன் தயாரில்லை. பேராயர்கள் சாட்சி போட்ட பத்திரம் என்ன ஆயிற்று என்று கேட்பாய். பத்திரம் வேறு, அனுபோகம் வேறு அம்மா. என்னிடம் வந்த எத்தனையோ பெண்களிடம் பத்திரம் இருந்தது, நிலம்தான் இல்லை.

1190 செப்டம்பரில் அண்ணன் ரிச்சர்டு, இப்போது இங்கிலாந்து அரசன், சிலுவைப்போருக்குப் போகிற வழியில் மெசினாவில் வந்து இறங்கினான். டாங்க்ரெட் பயந்துபோய்த் தங்கையை அனுப்பிவைத்தான். கூட வந்தவை அவளுடைய படுக்கைச் சாமான்களும் வழிச்செலவுப் பணமும்தான். ரிச்சர்டு விடவில்லை. தங்கையின் சொத்து மட்டுமல்ல, வில்லியம் தங்கள் தகப்பன் ஹென்றிக்கு விட்டுப்போனதாகச் சொல்லி ஒரு பட்டியலே நீட்டினான். பன்னிரண்டு அடி நீளத் தங்க மேஜை ஒன்று, இருநூறு குதிரைவீரர்கள் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய பட்டுக் கூடாரம், வெள்ளிக் கிண்ணம் 24, வெள்ளித் தட்டு 24, இரண்டு வருஷச் சாப்பாட்டோடு 100 கப்பல். ராணிகளுக்கு வழக்கமாக உள்ள தங்க நாற்காலி ஒன்று ஜோனுக்காக. கொடுக்க மறுத்ததும் மெசினா நகரத்தையே பிடித்துவிட்டான். கடைசியில் ராஜி: ஜோனின் சொத்துக்கு ஈடாக 20,000 அவுன்ஸ் பொன். இன்னொரு 20,000 எதற்கு என்றால், டாங்க்ரெட்டின் மகளை ரிச்சர்டின் அண்ணன்தம்பி வழிப் பிள்ளை ஆர்தருக்கு நிச்சயம் செய்ததற்கு. ஆர்தருக்கு மூன்று வயது! ஒருத்தியின் கல்யாணக் கணக்கைத் தீர்க்க உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கும் முன்னால் இன்னொரு கல்யாணத்தை எழுதிவிட்டார்கள். பொன்னை வாங்கிக்கொண்டது ரிச்சர்டு.

அதே மெசினாவில் பிரெஞ்சு அரசன் பிலிப்பும் இருந்தான், மனைவியை இழந்தவன். ஜோனைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டதாம். ரிச்சர்டு உடனே தங்கையைக் கடல் கடத்தி எதிர்க்கரையில் பாஞாரா என்ற இடத்தில் கொண்டுபோய் வைத்தான். அடுத்த மார்ச் மாதம் தாய் எலினோர், ரிச்சர்டுக்குப் பார்த்த பெண் நவார் நாட்டு பெரெங்காரியாவைக் கூட்டிக்கொண்டு மெசினாவுக்கு வந்தாள். சின்னப் பிள்ளையாக அனுப்பிய மகள் இருபத்தைந்து வயது விதவையாக எதிரில் நிற்கிறாள். தாய் தங்கியது நாலு நாள். மருமகளாக வரப்போகிறவளை மகள் கையில் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறிவிட்டாள்.

சைப்ரஸ் சண்டை, ஆக்ரே முற்றுகை எல்லாவற்றையும் நீ எங்கேயாவது படித்துக்கொள்ளலாம். எனக்கு வேண்டியது 1191 அக்டோபர். போர் இழுத்துக்கொண்டே போக, ரிச்சர்டு ஒரு சமாதான யோசனை அனுப்பினான். ஜோனை எதிர்ப்பக்கத்து முஸ்லிம் சுல்தான் சலாவுதீனின் தம்பி அல்-ஆதிலுக்குக் கட்டிக்கொடுப்பது. ஆக்ரே, யாஃபா, அஸ்கலோன் நகரங்களை அண்ணன் சீராகக் கொடுப்பான், சலாவுதீன் தன் கையிலுள்ள கடற்கரை நாட்டைத் தம்பிக்குக் கொடுப்பார், தம்பதியர் ஜெருசலேமில் குடியிருந்து ஆள்வார்கள். சலாவுதீன் கூடவே இருந்த நீதிபதி பஹாவுத்தீன் இதைப் பதிவு செய்திருக்கிறார். சேதியைச் சுல்தானிடம் கொண்டுபோனதும் அவரே. சுல்தான் சரி, சரி, சரி என்று மூன்று தரம் சொன்னார், ரிச்சர்டு விளையாடுகிறான் என்று நினைத்துக்கொண்டு.

இதையெல்லாம் பேசி முடித்த பிறகுதான் ஜோனுக்குத் தெரிந்தது. கோபத்தில் கொதித்துப்போனாள், ஒரு முஸ்லிமுக்கு மனைவியாக மாட்டேன் என்று சத்தியம் செய்தாள் என்று பஹாவுத்தீன் எழுதுகிறார். அவள் சொன்ன காரணம் நம் காலத்துக்கு ஒப்புமா என்பது வேறு விஷயம், அந்தக் காலத்து மதப்பிடிப்பு அது. ஆனால் அவளைப் பற்றிய ஏடுகளில் 'முடியாது' என்ற சொல் முதல் தடவையாக வருவது இங்கேதான். அது கிறிஸ்தவ ஏட்டில் இல்லை, எதிராளி முகாமின் ஏட்டில் இருக்கிறது. ரிச்சர்டு அசரவில்லை. அல்-ஆதில் கிறிஸ்தவனாக மாறினால் என்ன என்று கேட்டுப் பார்த்தான், அப்புறம் தன் தம்பி மகளைத் தருகிறேன் என்றான். எதுவும் நடக்கவில்லை.

இனி உன் ஊர். தூலூஸ் தங்கள் பாட்டி வழிச் சொத்து என்று எலினோரின் குடும்பம் வெகுகாலமாக உரிமை கோரி வந்தது. 1159இல் ஹென்றி பெரும் படையோடு வந்து முற்றுகை போட்டும் ஊரைப் பிடிக்க முடியவில்லை. நாற்பது வருஷம் ஓடிய இந்தத் தகராறை 1196இல் ரிச்சர்டு முடித்தான். உரிமையை விட்டுக்கொடுத்து, அழானே சீமையைச் சீராகக் கொடுத்து, ஜோனை ஆறாம் ரேமோனுக்கு ரூவான் நகரில் கட்டிவைத்தான். ரேமோன் ஏற்கெனவே மணமுடித்து மனைவியைத் தள்ளிவைத்த ஆள். மறு வருஷம் போக்கேரில் ஒரு மகன் பிறந்தான், அவனும் ரேமோன்.

இந்தக் காலத்தில் அவள் வைத்திருந்த வெள்ளி முத்திரை அச்சு கிடைத்திருக்கிறது. கிராந்செல்வ் மடத்தில் இருந்ததாம், இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு பக்கம். ஒன்றில் இங்கிலாந்து அரசன் ஹென்றியின் மகள், ராணி ஜோன். மற்றதில் நார்போன் கோமகள், தூலூஸ் சீமாட்டி, ப்ரொவான்ஸ் பிரபுவாட்டி. எனக்கு அதைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம். கையெழுத்துக்குப் பதில் முத்திரை வைக்கிற காலத்தில் தன் பெயரில் அச்சு வைத்திருந்தாள் என்றால், கடைசியாக எழுதிக்கொடுப்பவர் இடத்துக்கு வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

1199இல் கணவன் வேறு பக்கம் போயிருந்த நேரம், சான்-ஃபெலிக்ஸ் பிரபுக்கள் கிளம்பினார்கள். ஜோனே படையோடு போய் லே காஸ்ஸே கோட்டையை முற்றுகையிட்டாள், வயிற்றில் பிள்ளையோடு. உன் ஊரிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது, ஒரு நாள் போய்ப் பார். அவளுடைய வீரர்களே கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு ரகசியமாகச் சாமான் கொடுத்தார்கள், பிறகு அவள் பாசறைக்குத் தீயும் வைத்தார்கள். தப்பித்து அண்ணனிடம் முறையிட வடக்கே ஓடினாள். ரிச்சர்டு ஏப்ரல் 6இல் அம்புக் காயத்தால் செத்துப்போயிருந்தான். தாய் அவளை ஃபோந்தவ்ரோவுக்கு அனுப்பினாள்.

கோடை முடிவில் ரூவானில் படுத்த படுக்கை. புது அரசன், தம்பி ஜான், உயில் எழுத அவளுக்குப் பணம் கொடுத்தான். மடங்களுக்கு எழுதிவைத்தாள். பிறகு ஃபோந்தவ்ரோவின் துறவியாக வேண்டும் என்று கேட்டாள். கணவன் உயிரோடு இருக்கிறான், நிறைமாதம், எந்தச் சட்டத்திலும் இடமில்லை. கான்டர்பரி பேராயர் ஹியூபர்ட் வால்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை, கடைசியில் அவர்கள் இறங்கி வந்தார்கள், முக்காடு போட்டார்கள். செப்டம்பர் 4இல் இறந்தாள், முப்பத்து நாலு முடியவில்லை. இறந்தபின் வயிற்றிலிருந்து எடுத்த ஆண் குழந்தை ஞானஸ்நானம் பெறும் வரை இருந்தது. ரிச்சர்டு என்று பெயர் வைத்தார்கள்.

ஃபோந்தவ்ரோவில் நீ பார்க்கப்போகிற வர்ணம் பூசிய சிலைகள் ஹென்றி, எலினோர், ரிச்சர்டு, ஜானின் மனைவி இசபெல்லா ஆகியோருடையவை. ஜோனுடைய கல்லறையைத் தேடாதே. அது பிரெஞ்சுப் புரட்சியில் போயிற்று, மகனுடையதும் போயிற்று. நீ கேட்ட தூலூஸ் பிரபு அந்த மகன்தான், ஏழாம் ரேமோன். 1249இல் இறந்தபோது, இரண்டு வயதில் பறிகொடுத்த அம்மா பக்கத்தில் புதைக்கச் சொல்லி இவ்வளவு தூரம் வந்துவிட்டான்.

அவன் வாழ்ந்தபோது பட்டது தனிக்கதை. தெற்கே நடந்த மதப் போரில் தோற்று 1229இல் பாரிஸில் உடன்படிக்கை எழுதிக்கொடுத்தான். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தது பிளான்ஷ், பிரெஞ்சு அரசனின் தாய். யார் என்று நினைக்கிறாய்? ஜோனின் அக்கா, காஸ்டிலுக்குப் போனாளே எலினோர், அவள் பெற்ற பெண். ஜோன் செத்த அடுத்த வருஷமே கிழவி எலினோர் எழுபது தாண்டிய வயதில் மலை தாண்டிப் போய்ப் பிரெஞ்சு இளவரசனுக்காகக் கூட்டிவந்த பேத்தி. உடன்படிக்கையின் ஒரு ஷரத்து, தூலூஸில் ஆசிரியர்களை வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது. உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகம் தொடங்கியது அப்படி. இன்னொரு ஷரத்து, ரேமோன் தன் ஒரே மகளை பிளான்ஷின் மகன் அல்ஃபோன்ஸுக்குக் கொடுக்க வேண்டும், அவர்களுக்குப் பிள்ளை இல்லாவிட்டால் நாடு பிரெஞ்சு அரசனுக்கு. ஒன்பது வயதுப் பெண்ணைப் பாரிஸ் அழைத்துப்போய் வளர்த்தார்கள். அவள் பெயரும் ஜோன்தான், பாட்டி பெயர்.

1271இல் பிள்ளையில்லாமல் இருவரும் சில நாள் இடைவெளியில் இறந்தார்கள். அவளும் ஒரு உயில் எழுதியிருந்தாள், தன் வழியில் வந்த நிலங்களை வேண்டியவர்களுக்குப் பிரித்து. பாரிஸ் நீதிமன்றம் அது செல்லாது என்று தள்ளிவிட்டது. தூலூஸ் பாரிஸுக்குப் போனது அப்படித்தான்.

வீட்டை உன் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதுகிற நகலை மாப்பிள்ளையின் மெயிலுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். "நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்பா" என்று பதில் போடாதே, வரிவரியாகப் படி. வடக்கெல்லையில் சித்தப்பா வீட்டுச் சுவரைப் பொதுச்சுவர் என்று காட்டியிருக்கிறேன். உனக்கு அது வேண்டாம் என்றால் இந்த வாரமே சொல்லிவிடு, அப்புறம் முத்திரைத்தாள் வாங்கிவிடுவேன்.

அன்புடன்,
அப்பா