கோரஸுக்கு இடம் விட்டிருக்கிறீர்களா? ஒரு பேண்ட் தலைவருக்குக் கடிதம்

அன்புள்ள பேண்ட் தலைவருக்கு,

வணக்கம். இரண்டு கிட்டார், பேஸ், டிரம்ஸ், ஒரு முன்னணிப் பாடகர் என்று ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் ஹார்ட் ராக் குழுவில் மூன்று கோரஸ் பாடகிகளைச் சேர்த்தால் மேடையில் எடுபடுமா என்பது உங்கள் கேள்வி. சேர்த்தால் குழுவின் முரட்டுத்தனம் போய்விடும் என்கிறார் உங்கள் டிரம்மர். பெரிய குழு போலத் தெரியும் என்கிறீர்கள் நீங்கள். இருவருமே கண்ணுக்குத் தெரிவதைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். காதுக்கு என்ன ஆகும் என்பதை முதலில் பார்ப்போம். என் பதில் இதுதான்: உங்கள் கிட்டார்கள் இடம் விட்டால் எடுபடும். விடாவிட்டால் மூன்று பேர் வாயசைப்பதை மட்டும்தான் கூட்டம் பார்க்கும்.

டிரம்மரின் பயத்துக்கு வரலாறு துணை நிற்காது. ஹம்பிள் பை என்ற ராக் குழு 1973-இல் வெனெட்டா ஃபீல்ட்ஸ், கிளைடி கிங், பில்லி பார்னம் ஆகிய மூவரை பிளாக்பெர்ரீஸ் என்ற பெயரில் சேர்த்துக்கொண்டது. அந்தக் குழுவை மென்மையானது என்று யாரும் சொன்னதில்லை. லின்யர்ட் ஸ்கின்யர்ட் 1976-இல் அட்லாண்டாவின் ஃபாக்ஸ் தியேட்டரில் பதிவு செய்த நேரடி ஆல்பத்தில் கேஸி கெய்ன்ஸ், ஜோஜோ பில்லிங்ஸ்லி, லெஸ்லி ஹாக்கின்ஸ் ஆகிய மூவரும் மூன்று கிட்டார்களுக்கு நடுவே பாடுகிறார்கள். கன்ஸ் அண்ட் ரோஸஸ் 1991 முதல் 1993 வரை நடத்திய நீண்ட சுற்றுப்பயணத்தில் கோரஸ் பாடகிகளையும் ஊதுகருவிக் குழுவையும் சேர்த்தது. கடைசிக் கட்டத்தில் அவர்கள் இல்லாமலே போனது. ஆக, சேர்ப்பதும் விடுவதும் கட்டத்துக்குக் கட்டம் மாறக்கூடிய முடிவுதான், கொள்கைப் பிரச்சினை அல்ல.

ஆனால் இந்தக் குழுக்களின் பாடல்களில் ப்ளூஸ், காஸ்பல் (தேவாலயப் பாட்டு) வேர் இருந்ததைக் கவனியுங்கள். முன்னணிக் குரல் ஒரு வரி கேட்கும், பின்னால் இருந்து பதில் வரும். அந்த இடைவெளி மெட்டிலேயே இருந்தது. மூச்சு விடாமல் ஓடும் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) மேல், வரிக்கு வரி இடைவெளியே இல்லாத பாட்டில் கோரஸ் எங்கே நுழையும்? அந்த மாதிரிப் பாட்டுக்கு டிரம்மர் சொல்வதே சரி.

இனி ஸ்வரம். பவர் கார்டில் சட்ஜமும் பஞ்சமமும்தான் உண்டு, காந்தாரம் கிடையாது. டிஸ்டார்ஷனோடு (கிட்டார் சத்தத்தை வேண்டுமென்றே முறுக்கிக் கரகரப்பாக்குவது) காந்தாரத்தையும் சேர்த்து அடித்தால், ஸ்வரங்களின் கூட்டலும் கழித்தலுமாகப் புதிய அதிர்வெண்கள் பிறந்து சத்தம் கலங்கிவிடும் என்பதால்தான் கிட்டார் கலைஞர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். அந்தக் காலி இடம்தான் உங்கள் பாடகிகளின் வீடு. பாட்டு மேஜரா மைனரா என்று கிட்டார் சொல்லாமல் விட்டதை ஒரு பாடகி ஒரே ஸ்வரத்தில் சொல்லிவிடுவார். ஹார்ட் ராக்கில் கோரஸ் சேர்ப்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. சட்ஜமும் பஞ்சமமும் 2:3 விகிதத்தில் அதிர்கின்றன. டிஸ்டார்ஷன் இரண்டையும் கூட்டி 5 என்ற அதிர்வையும் தானாகவே உண்டாக்கும். அது மேல்ஸ்தாயி அந்தர காந்தாரம், அதாவது மேஜர் காந்தாரம். தம்புராவில் யாரும் மீட்டாத காந்தாரம் கேட்பதைப் போல மெலிதாக ஒலிக்கும். மேஜர் பாட்டில் பாடகி அதைப் பிடித்தால் கிட்டாரோடு அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஆனால் அது சட்ஜத்திலிருந்து 386 சென்ட் (ஒரு சென்ட் அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) உயரத்தில் இருக்கும் இயற்கைக் காந்தாரம். கிட்டார் ஃபிரெட்டிலும் கீபோர்டிலும் இருப்பது 400 சென்ட். காது நல்ல பாடகிகள் தாமாகவே சற்றுக் கீழே இறங்கிப் பாடுவார்கள். அதே நேரத்தில் இரண்டாவது கிட்டார் கிளீன் டோனில் முழு மேஜர் கார்ட் வாசித்தால் இரண்டு காந்தாரங்களும் உரசும். கோரஸ் வரும் வரிகளில் அவரையும் பவர் கார்டுக்கு இறங்கச் சொல்லுங்கள்.

மைனர் பென்டடானிக் (ஐந்து ஸ்வர மைனர்) ரிஃப்களில்தான் ஆபத்து அதிகம். கீழே ரிஃப் சாதாரண காந்தாரத்தை (மைனர் காந்தாரம்) தொட்டுக்கொண்டிருக்க, மேலே பாடகிகள் அந்தர காந்தாரத்தைப் பிடித்தால் அரை ஸ்வரம் மோதும். கடந்துபோகும்போது அது ப்ளூஸ் சுவை. இரண்டு பார் நீட்டினால் சுருதி விலகியதாகவே கேட்கும், பழி பாடகி மேல் விழும். நீட்ட வேண்டிய இடத்தில் சட்ஜத்தையோ பஞ்சமத்தையோ கொடுத்துவிடுங்கள்.

குரல்களைப் பங்கிடும்போது முன்னணிப் பாடகரின் உச்சியிலிருந்து கணக்குப் போடுங்கள். அவர் ஏ4-இல் (எழுத்து ஸ்வரம், எண் ஸ்தாயி) கத்துகிறார், பாட்டு ஏ மேஜர் என்றால், அதற்கு மேல் சி ஷார்ப்5, அதற்கும் மேல் ஈ5 என்று அடுக்கத் தோன்றும். ஈ5-ஐ நெஞ்சுக்குரலில் இரவுக்கு இரவு பலமுறை அடிப்பது தொண்டையைக் கெடுக்கும் வேலை. ஒருவருக்கு சி ஷார்ப்5, ஒருவர் மெட்டையே இரட்டித்து ஏ4, ஒருவர் கீழே ஈ4 என்று மாற்றுங்கள். அடர்த்தி குறையாது, யாரும் கிழிய வேண்டியதில்லை. மேடையில் கிட்டார்களை அரை ஸ்வரம் இறக்கி வாசிப்பீர்களானால் ஒத்திகையும் அதே சுருதியில் நடக்க வேண்டும். ஆல்பத்தை வைத்து வீட்டில் பாடிப் பழகிவந்தவர்கள் முதல் நாளே தடுமாறுவது பெரும்பாலும் இதனால்தான்.

பாடும் முறையிலும் சில கட்டுப்பாடுகள் வேண்டும். அதிர்வு இல்லாத நேர்க்குரல். மூன்று பேரும் ஆளுக்கொரு வேகத்தில் குரலை நடுக்கினால் முரட்டுத்தனம் நிஜமாகவே போய்விடும். உயிரெழுத்து பீட்டில் விழ வேண்டும், மெய்யெழுத்து அதற்கு ஒரு கணம் முன்னதாக வர வேண்டும். வரி ‘ஸ்’ என்றோ ‘ட்’ என்றோ முடிந்தால் ஒருவர் மட்டும் அதை உச்சரிக்கட்டும், மற்ற இருவரும் உயிரெழுத்திலேயே விட்டுவிடட்டும். மூன்று பேரும் உச்சரித்தால் ‘ஸ்ஸ்ஸ்’ என்று பாம்பு சீறும், ‘ஸ்’ சத்தத்தைக் குறைக்கும் டி-எஸ்ஸரை எவ்வளவு இறுக்கினாலும் சரியாகாது.

அதிர்வெண் நெருக்கடிக்கு வருகிறேன். சொற்கள் புரிவதற்கு 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதி முக்கியம். டிஸ்டார்ஷன் கிட்டாரின் கடியும் சரியாக அங்கேதான் இருக்கிறது. மிக்ஸரில் கிட்டார் சேனல்களை 2.5 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் 2 அல்லது 3 டெசிபல் குறைத்தால் கொஞ்சம் உதவும். ஆனால் கிட்டாரின் ஸ்பீக்கர் பெட்டியான கேபினெட்டிலிருந்து நேராகவே சத்தம் கேட்கும் சிறிய அரங்கில் இப்படி ஈக்யூவில் குறைப்பது பெரிதாக எதையும் மாற்றாது. வாசிப்பிலேயே மாற்றுவதுதான் வழி. பல்லவியின் முதல் வரியில் ஒரு கிட்டார் நிற்கலாம், அல்லது பாம் மியூட்டுக்கு (உள்ளங்கையால் தந்தியை அடக்கி வாசிப்பது) இறங்கலாம். இரண்டு வரிகளுக்கு நடுவே லீட் கிட்டார் வழக்கமாக அடிக்கும் சின்னத் துணுக்கு இருக்கிறதே, அதைக் கோரஸ் வரும் பாட்டில் விட்டுக்கொடுக்க வேண்டும். பதில் சொல்வது கிட்டாரா கோரஸா, ஒருவர்தான். இதற்கு உங்கள் லீட் கிட்டார் கலைஞர் சம்மதிக்கவில்லை என்றால் இந்தக் கடிதத்தை இங்கேயே மடித்துவைத்துவிடலாம்.

மைக் எண்ணிக்கை கூடுவதற்கும் விலை உண்டு. திறந்திருக்கும் மைக்குகள் இரண்டு மடங்காகும்போதெல்லாம், ஃபீட்பேக் (ஊளைச் சத்தம்) வராமல் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபல் குறையும். ஒரு குரல் மைக் நான்காகும்போது 6 டெசிபல் போய்விடுகிறது. அத்தோடு, பாடாத நேரத்தில் அந்த மூன்று மைக்குகளும் சிம்பல்களைத்தான் எடுத்துக்கொண்டிருக்கும். அதனால் டிரம் சத்தம் தூரத்தில் அடிப்பது போலக் குழம்பி வரும், குற்றம் டிரம் மைக் மேல் சுமத்தப்படும். சத்தம் வந்தால் மட்டும் மைக்கைத் திறக்கும் சாதாரண கேட் போட்டால் ஸ்னேர் அடியிலேயே திறந்துகொள்ளும். ஆள் மைக்கை நெருங்கும்போது மட்டும் அகச்சிவப்பு உணரியால் திறக்கும் ஆப்டோகேட் போன்ற கருவி இதற்குப் பொருத்தமானது. அது இல்லையென்றால், எந்தப் பாட்டில் எந்த வரிக்கு ஏற்ற வேண்டும் என்று எழுதிய தாளை சவுண்ட் இன்ஜினியர் கையில் கொடுங்கள், அவர் கையாலேயே ஃபேடரை ஏற்றி இறக்கட்டும்.

மைக் வகையைத் தேர்ந்தெடுக்கும்போதே மானிட்டர் (பாடுபவருக்கே கேட்க வைக்கும் ஸ்பீக்கர்) வைக்கும் இடத்தையும் முடிவு செய்யுங்கள். எஸ்எம்58 மைக் கார்டியாய்டு வகை, அதற்கு நேர் பின்புறம்தான் காது மந்தம், தரையில் வைக்கும் வெட்ஜ் மானிட்டர் அங்கே இருக்க வேண்டும். பீட்டா 58ஏ மைக் சூப்பர்கார்டியாய்டு வகை. அது ஓரளவு நேர் பின்புறத்திலிருந்தும் சத்தம் எடுக்கும், மந்தமான திசை பக்கவாட்டில் சுமார் 120 டிகிரியில் இருக்கிறது. மைக்கை மட்டும் மாற்றிவிட்டு வெட்ஜைப் பழைய இடத்திலேயே விட்டால் சவுண்ட் செக் முழுவதும் ஊளைச் சத்தத்தைத் துரத்துவதிலேயே போகும். உதடு மைக்கிலிருந்து 2 முதல் 5 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் குறையும், ஆனால் சிம்பல் குறையாது. மூன்று பேர் ஒரு மைக்கைச் சுற்றி நிற்பது புகைப்படத்தில் அழகு. இந்தச் சத்தத்தில் வேண்டாம்.

நிற்கும் இடம் பற்றிச் சுருக்கமாக. டிரம்ஸுக்குப் பின்னாலோ நேர் முன்னாலோ வேண்டாம். டிரம் வரிசைக்குச் சற்று முன்னால், மேடையின் ஓரமாக, மைக்கின் மந்தமான பக்கம் சிம்பல்களை நோக்கி இருக்கும்படி நிறுத்துங்கள். கிட்டார் கேபினெட்டின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. உயர் அதிர்வெண்கள் டார்ச் வெளிச்சம் மாதிரி அந்தக் கோட்டில்தான் குவிந்து வரும். மூவரும் ஒருவர் மூச்சை ஒருவர் பார்க்கும்படி லேசான வளைவில் நிற்கட்டும்.

இன்-இயர் மானிட்டரை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். தன் குரல் தனக்குக் கேட்காவிட்டால் மனிதர் தன்னையறியாமல் சத்தம் கூட்டுவார். அப்படிக் கூட்டினால் சுருதி ஏறும், மூன்றாவது பாட்டில் குரல் கம்மும். காதுக்குள் தன் குரல் மேலே, மற்ற இருவர் சற்றுக் கீழே, முன்னணிக் குரல், ஸ்னேர், சுருதிக்கு ஒரே ஒரு கிட்டார், இவ்வளவு போதும். இரண்டு கிட்டாரையும் கொடுத்தால் எதையும் பிடித்துக்கொள்ள முடியாது. செவித்திறன் கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான என்ஐஓஎஸ்எச் பரிந்துரைப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம்தான் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். ஹார்ட் ராக் மேடை இதைத் தாண்டுவது சகஜம். அதனால் இன்-இயரையும் அளவோடு வைக்கச் சொல்லுங்கள், ஒரு காதைக் கழற்றிவிட்டுப் பாடும் பழக்கத்தையும் நிறுத்துங்கள்.

மிக்ஸரில் முதல் கேள்வி, சேனல் இருக்கிறதா? டிரம்ஸுக்கு 8, பேஸுக்கு 2, கிட்டார்களுக்கு 2, முன்னணிக் குரலுக்கு 1 என்றாலே 13. கோரஸோடு 16. பதினாறு சேனல் மிக்ஸர் அங்கேயே நிரம்பிவிடும், மாற்று மைக்குக்குக்கூட இடமிருக்காது. இருந்தால், மூன்று குரல்களையும் ஒரே குரூப்பில் போட்டு, ஒவ்வொன்றிலும் 150 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை ஹை-பாஸ் (கீழ் அதிர்வெண்களை வெட்டுவது) வைத்து, குரூப்பில் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் 4:1 கம்ப்ரசரை 4 முதல் 6 டெசிபல் அழுத்தும்படி வையுங்கள். முன்னணிக் குரலுக்கு 5 டெசிபல் கீழிருந்து தொடங்கி ஏற்றிப் பாருங்கள். பிளேட் ரிவெர்ப் (எதிரொலி) ஒன்றரை விநாடி, அது தொடங்குமுன் விடும் இடைவெளியான ப்ரீ-டிலே 30 மில்லிவிநாடி. அதற்கு மேல் போனால் காஸ்பல் மண்டபமாகிவிடும்.

இவ்வளவு செலவும் தேவையா என்று கேட்டால், எல்லோருக்கும் தேவையில்லை. ஏசி/டிசி-யில் மால்கம் யங்கும் கிளிஃப் வில்லியம்ஸும் பல்லவிக்கு மட்டும் மைக்குக்கு வந்து கத்திவிட்டுப் பின்னால் போய்விடுவது வழக்கமாக இருந்தது. பாட்டு கேட்பது அந்தக் கூட்டுக் கத்தலை என்றால், மூன்று பாடகிகளின் அழகான ஒத்திசைவு அங்கே தவறான மருந்து. வான் ஹேலனுக்கு பேஸ் கலைஞர் மைக்கேல் ஆண்டனியின் உயர்ந்த குரலும் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலனின் துணைக்குரலுமே போதுமாக இருந்தன. உங்கள் பேஸ் கலைஞரைப் பாடச் சொல்லிப் பார்த்தீர்களா? ஒரே குரலிலிருந்து துணைக்குரல்களை உண்டாக்கும் ஹார்மனைசர் பெடல் மலிவான வழிதான், ஆனால் முன்னணி மைக்கில் சிம்பல் கசிந்தால் அதற்கும் சேர்த்து ஹார்மனி போட்டுவிடும். கிட்டாரைப் பார்த்து ஸ்வரம் கண்டுபிடிக்கும் வகையானால் டிஸ்டார்ஷனுக்கு முந்தைய சிக்னலைக் கொடுக்க வேண்டும். ஒலிப்பதிவை ஓடவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை: 1975-இல் வந்த தங்கள் புகழ்பெற்ற ‘பொஹீமியன் ராப்சடி’ பாடலின் ஓபரா பகுதிக்கு குயீன் குழுவே மேடையை விட்டு இறங்கி ஒலிப்பதிவை ஓடவிட்டது. ஆனால் டிரம்மர் காதில் ஒலிக்கும் தாளக் கிளிக்குக்குக் கட்டுப்பட வேண்டும், சோலோவை இஷ்டத்துக்கு நீட்ட முடியாது.

சேர்ப்பது என்று முடிவு செய்தால் ஒத்திகையை மூன்றாகப் பிரியுங்கள். முதலில் ஒரு அகூஸ்டிக் கிட்டாரும் குரல்களும் மட்டும். அடுத்தது டிரம்ஸ் மெதுவாக. கடைசியில் முழுச் சத்தத்தில், மேடையில் பயன்படுத்தப்போகும் அதே மைக், அதே இன்-இயரோடு. முதல் கட்டத்தைத் தாண்டிக் குதித்தால், காந்தாரத் தவறுகள் சத்தத்தில் ஒளிந்துகொண்டு நேராக மேடைக்கு வந்துவிடும்.

பன்னிரண்டு பாட்டு இருந்தால் ஐந்தாறில் மட்டும் அவர்களைப் பயன்படுத்துங்கள், அவற்றையும் அடுத்தடுத்து வையுங்கள். மற்ற பாட்டுகளின்போது அவர்கள் மேடையை விட்டு இறங்கட்டும், மைக்குகள் மியூட் ஆகட்டும். சும்மா நிற்க வேண்டாமே என்று கையில் டாம்பரினைக் கொடுக்கத் தோன்றும். அது திறந்திருக்கும் குரல் மைக்குக்கு ஓரடி தூரத்தில் குலுங்கும், அரங்கில் ஹை-ஹாட்டைவிட அதுதான் கேட்கும். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் பயிற்சி உள்ள ஒருவரிடம் மட்டும், மைக்கிலிருந்து விலகி நிற்கச் சொல்லிக் கொடுங்கள். மூவரின் பெயரையும் மற்ற கலைஞர்களின் பெயரோடு சேர்த்தே மேடையில் அறிவியுங்கள்.

பாட்டுப் பட்டியலையும், ஒவ்வொரு பாட்டிலும் முன்னணிப் பாடகர் தொடும் உச்ச ஸ்வரத்தையும் எழுதி அனுப்பினால், எந்த ஐந்தாறு என்று குறித்துத் தருகிறேன்.

அன்புடன்,
மிக்ஸருக்குப் பின்னால் நிற்கும் ஒருவன்