எடை காட்டாது, பல் காட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உடல் மெலியக் குறிப்புகள் இல்லாத நாளிதழ் இணைப்பே இப்போது அரிது. அவற்றைப் படிப்பவர்களில் சிலருக்கு ஏற்கெனவே ‘புலிமியா நெர்வோசா’ என்னும் உணவு சார்ந்த மனநோய் இருக்கலாம் என்பது எழுதுபவர்களுக்குத் தோன்றுவதில்லை. 1979-இல் லண்டன் மனநல மருத்துவர் ஜெரால்டு ரஸ்ஸல் தனி நோயாக விவரித்தது இது. நிறுத்த முடியாமல் ஒரே மூச்சில் ஏராளமாகச் சாப்பிடுவது, பிறகு எடை ஏறிவிடுமே என்று விரலை விட்டு வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது, பட்டினி கிடப்பது அல்லது உடம்பை வதைத்து உடற்பயிற்சி செய்வது. வாரத்துக்கு ஒரு முறையாவது இப்படி 3 மாதம் தொடர்ந்தால் நோய் என்று கொள்வார்கள். ஆண்களுக்கும் வரும்.

எடை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ‘ஆள் நல்லாத்தானே இருக்கா’ என்று வீட்டில் விட்டுவிடுவது அதனால்தான். பார்க்க வேண்டிய இடம் வேறு. மேல் முன்பற்களின் உட்பக்கம் வயிற்று அமிலத்தில் எனாமல் கரைந்திருக்கும். ஜிகர்தண்டா குடித்தால் பல் கூசுகிறது என்று இளவயதினர் வந்தால், பல் மருத்துவர் பற்பசையை மாற்றச் சொல்வதோடு நிறுத்தாமல் வாந்தியைப் பற்றியும் தனியாகக் கேட்க வேண்டும். காதுக்குக் கீழே இரு கன்னமும் உப்பியிருக்கும். பொன்னுக்கு வீங்கி என்று நினைப்பார்கள், ஆனால் காய்ச்சல் இராது. சிலருக்கு விரல் முட்டியில் பல் பட்ட தழும்பு காய்த்திருக்கும். வாந்தி எடுத்த கையோடு பல் துலக்கினால் இளகிய எனாமல் இன்னும் தேயும். ஒரு தம்ளர் நீரில் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்து கொப்பளித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் துலக்கலாம்.

உயிருக்கு ஆபத்து பொட்டாசியம் குறைவதில் இருக்கிறது. ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லி ஈக்விவலன்ட் இருக்க வேண்டியது, 2.5-க்குக் கீழே போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். இளநீர் குடித்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இங்கே உதவாது. உடலில் நீர் வற்றும்போது சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளும்; வாந்தி நிற்காதவரை இழப்பும் நிற்காது. படபடப்பு, கெண்டைக்கால் பிடிப்பு, தளர்ச்சி என்றால் கேஸ் மாத்திரையோடு முடிக்காமல் ரத்தத்தில் உள்ள உப்புகளை அளக்கும் எலக்ட்ரோலைட் பரிசோதனையும் ஈசிஜியும் எடுக்க வேண்டும்.

மருந்துக் கடைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பேதி மாத்திரை பெருங்குடலில் வேலை செய்வது. சாப்பாட்டின் சத்தோ அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடும். குறைவது தண்ணீரும் உப்பும்தான். ஒரே ஆள் அடிக்கடி அட்டை அட்டையாக வாங்கினால் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சிகிச்சையின் அடிப்படை, விந்தையாகத் தோன்றினாலும், வேளாவேளைக்குச் சாப்பிடுவதுதான். பட்டினிதான் அடுத்த பெருந்தீனியைக் கூட்டிவருகிறது. காலை 8 மணிக்கு இட்லி, 11-க்குச் சுண்டல், 1.30-க்குச் சாப்பாடு, 5-க்கு ஏதாவது பலகாரம், 8.30-க்கு இரவு உணவு என்று 4 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல் இருக்க வேண்டும். செவ்வாய், வெள்ளி விரதத்தை இந்தக் காலத்தில் ஒத்திவைப்பது நல்லது. நோய் ஒளிந்துகொள்ள விரதம் வசதியான இடம். வாந்தியையும் பேதி மாத்திரையையும் நிறுத்திய புதிதில் முகமும் காலும் வீங்கி எடை கூடும். அது கொழுப்பு அல்ல, தேங்கிய நீர். சில வாரங்களில் வடியும். இதை முன்கூட்டியே சொல்லாததால் மிரண்டுபோய்ப் பழைய வழிக்குத் திரும்புபவர்கள் உண்டு.

அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்ற பேச்சு முறை சிகிச்சை, 20 அமர்வுகள் அளவில் நடக்கும். ஃப்ளுவாக்ஸெட்டின் மாத்திரை மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் 20 மில்லிகிராமில் தொடங்கும். இந்த நோய்க்குப் பயன் தெரிந்த அளவு நாளுக்கு 60. டோஸ் கூடுதல் என்று வீட்டிலேயே குறைத்துவிடாதீர்கள். கழிவறை வாசலில் காவல் நிற்பதும், தட்டைப் பார்த்துக் கிண்டல் செய்வதும் ஒளிவுமறைவைத்தான் வளர்க்கும்.

மதுரை அரசு ராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மனஸ் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். வாந்தியில் ரத்தம் வந்தாலோ, மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ புறநோயாளி சீட்டுக்குக் காத்திராமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். பல நாள் வாந்தி எடுத்துவந்ததை அங்கே மறைக்காமல் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மனநலப் பணியாளர்கள் சிலர்,
மதுரை