போட்டிக் கம்பெனிக்குப் போன சேல்ஸ் மேனேஜர்

அன்பு மணிக்கு,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இங்கே சின்னவள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

சரி, உன் சேல்ஸ் மேனேஜர் விஷயம். பீளமேட்டிலேயே இன்னொரு பம்ப் கம்பெனியில் சேர்ந்துவிட்டார், இரண்டு வருஷம் போட்டிக் கம்பெனிக்குப் போகமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவர்தானே, கேஸ் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். அந்தக் காகிதத்தை நம்பிக் கோர்ட் படி ஏறாதே. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவுப்படி, ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. நீ கோபப்பட்டாலும் சொல்கிறேன், அது நியாயம்தான். பம்ப் விற்கத் தெரிந்தவர் வேறு எதை விற்றுப் பிழைப்பார்?

1967-இல் கோலிகாரி வழக்கில் சுப்ரீம் கோர்ட் கம்பெனி பக்கம் நின்றதே என்று உன் வக்கீல் சொன்னாராம். நின்றது. ஆனால் கோலிகாரி செஞ்சுரி ஸ்பின்னிங் என்ற கம்பெனியில் ஐந்து வருஷம் வேலையில் இருப்பதாக ஒப்புக்கொண்டு, பாதியிலேயே போட்டிக் கம்பெனிக்குப் போனவர். அந்த ஐந்து வருஷம் முடியும்வரைதான் வேலைக்குத் தடை. உன் ஆள் நோட்டீஸ் கொடுத்து முறையாக ரிலீவ் ஆனவர்.

ரகசியத்தை வெளியே விடக்கூடாது என்ற ஒப்பந்தம் வேறு. அது செல்லும். ஆனால் எது ரகசியம்? டீலர்களின் பெயரும் போன் நம்பரும் கடைவீதியை ஒரு சுற்றுச் சுற்றினால் கிடைத்துவிடும். எந்த டீலருக்கு எவ்வளவு டிஸ்கவுண்ட், எத்தனை நாள் கடன், காஸ்டிங் உனக்கு என்ன ரேட்டுக்கு வருகிறது, பம்புக்குள் சுழலும் இம்பெல்லரின் டிராயிங், இவைதான் உன் சொத்து. அவற்றை எப்படி வைத்திருக்கிறாய்? போன தடவை வந்தபோது பார்த்தேனே, ஆபீஸ் முழுக்க ஒரே பாஸ்வேர்ட், அதுவும் மானிட்டர் ஓரத்தில் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தது. டிராயிங்கெல்லாம் வாட்ஸ்அப்பில் ஃபவுண்டரிக்குப் பறந்துகொண்டிருந்தது. நீயே பூட்டி வைக்காததை ரகசியம் என்று ஜட்ஜ் எப்படி ஒத்துக்கொள்வார்? நம் நாட்டில் தொழில் ரகசியத்துக்கென்று சட்ட ஆணையம் ஒரு மசோதா வரைவைக் கொடுத்ததே 2024-இல்தான்.

அவருடைய லேப்டாப்பை ஃபார்மேட் செய்து புதுப் பையனிடம் கொடுத்துவிடாதே. என்ன காப்பி எடுத்தார், எந்த மெயிலுக்கு அனுப்பினார் என்பதற்கு அதுதான் சாட்சி. அப்புறம், டீலர் குரூப்புக்கு அட்மின் இன்னும் அவர்தானாமே, அதுவும் சொந்த நம்பரில்! இன்றைக்கே கம்பெனி நம்பரில் புதுக் குரூப் தொடங்கு. இனி சேல்ஸ் ஆட்களுக்குக் கம்பெனி சிம் கொடு.

கிராஜுவிட்டியை நிறுத்திவைக்கப் போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம். 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் வட்டியும் சேரும். பணத்தைக் கொடுக்கும்போதே, கம்பெனிக் காகிதம், ஃபைல் எதுவும் என்னிடம் இல்லை என்று எழுதி வாங்கப் பார். பத்து வருஷம் உன்னோடு அலைந்த மனுஷன், மரியாதையாகக் கேட்டால் கொடுப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவர் கையெழுத்துப் போட்ட அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டரின் காப்பி ஒன்றை அனுப்பு, படித்துவிட்டுப் போன் செய்கிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி