ஒழுகும் மச்சின் மேல் பாரம் ஏற்றாதீர்கள்: மதுரைக் கொத்தனார்மாருக்கு ஒரு திறந்த மடல்

மேஸ்திரி அண்ணன்மாருக்கும் கொத்தனார்மாருக்கும் வணக்கம்.

ஐப்பசி மழை நெருங்குகிறது. மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் பழைய கட்டைக்குத்து வீடு (மரக்கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு தளம் போட்ட வீடு) வைத்திருப்பவர்கள் இனி உங்களைத் தேடி வருவார்கள். "அண்ணே, மச்சு ஒழுகுது, என்னன்னு பாருங்க" என்பார்கள். "ரெண்டு இஞ்ச் கான்கிரீட்டப் போட்டு விட்ருவோம்" என்று நீங்கள் சொல்வதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் அப்படித்தான் போட்டார்கள். ஒழுகல் நின்றது, அப்பாவுக்கு நிம்மதி. மூன்றாம் வருடம் கூடத்து உத்திரம் நடுவில் வயிறு தள்ளி நிற்பதை அம்மா பார்த்தார். எங்கள் மூன்று பேருக்கும் தொட்டில் கட்டிய உத்திரம் அது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறத்தாழ 2,400 கிலோ. பத்தடிக்குப் பத்தடி அறையின் மேல் 2 இஞ்ச் போட்டால் 1,100 கிலோவுக்கு மேல் ஏறிவிடுகிறது. அதே மாடியில் 1,000 லிட்டர் டேங்க்கையும் வைத்தால் தண்ணீர் மட்டுமே இன்னொரு டன். அந்தக் கட்டைகளைத் தேர்ந்து போட்ட ஆசாரி இந்தப் பாரத்தை நினைத்திருக்க வழியில்லை. மரம் பாரத்தை அன்றைக்குத் தாங்கிவிடும். பிறகு வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போகும்.

பாரத்தைவிட எனக்குப் பயம் ஈரம்தான். அந்தக் காலத்தில் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, சுண்ணாம்பில் பிடித்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து நாள்கணக்கில் அடித்து, மேலே தட்டையான ஓடு (தட்டோடு) பதித்தார்கள். அந்தத் தளம் நனைந்தாலும் காய்ந்துவிடும். மேலே சிமெண்ட் மூடியதும் உள்ளே போன ஈரம் வெளியேற முடியாமல் கட்டைக்கு இறங்குகிறது. சிமெண்ட் வெயிலில் விரிந்து வெடிக்கும். அந்த வெடிப்பில் மறுபடி தண்ணீர் போகும். சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திர முனைதான் முதலில் உளுக்கிறது, கறையானும் அங்கேதான் ஏறுகிறது. நடுவில் தெரியும் தொய்வை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது.

அதனால் மாடிக்கு ஏறுமுன் கூடத்தில் நின்று பாருங்கள். உத்திரத்தின் அடியில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நூல் பிடித்து, நடுவில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து, தேதியோடு சுவரில் எழுதுங்கள். மழை கழிந்து திரும்ப அளந்தால் தொய்வு பழசா, இன்னும் இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். முனையைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள்; பொதுக்கென்று இறங்கினால் அன்றைக்கே முட்டுக் கொடுத்து, கீழே படுப்பவர்களை வேறு அறைக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒழுகல் பெரும்பாலும் தட்டோட்டு இடுக்கிலும், கைப்பிடிச் சுவர் சேரும் மூலையிலும், அடைத்துக்கிடக்கும் மழைத்தண்ணீர்க் குழாயிலும்தான். அதைச் சரிசெய்ய டன் கணக்கில் கான்கிரீட் எதற்கு?

எங்கள் வீட்டைப் பிறகு வந்த வயதான மேஸ்திரி ஒருவர்தான் காப்பாற்றினார். முதலில் முட்டுக் கொடுத்தார். மேலே போட்ட கான்கிரீட்டைப் பகுதி பகுதியாகச் சின்ன உளியால் எடுத்தார், சம்மட்டி போடவிடவில்லை. பிறகு உத்திரங்களின் நடுவில் குறுக்காக ஓர் இரும்புக் கர்டர் கொடுத்தார். கர்டர் உட்காரும் இடத்தில் சுவரில் பாரத்தைப் பரப்ப ஒரு கான்கிரீட் பெட் (படுகை) போட்டார். இல்லாவிட்டால் பழைய செங்கல் நொறுங்கும். தாங்கும் இடைவெளி பாதியானால், அதே பாரத்துக்கு வளைவு ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஏற்கெனவே வளைந்ததை ஜாக்கி வைத்து நிமிர்த்தச் சொன்னோம். "வேணாம்மா, ஒரேயடியாத் தூக்குனா சுண்ணாம்பு வெடிச்சுரும்" என்று மறுத்துவிட்டார். அவர் சொன்னது சரி.

புதுக் கட்டடம் கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பலகை வாடகைக்குப் பயந்து, புதுத் தளத்தின் அடியில் கொடுத்த முட்டுகளை முன்கூட்டியே பிரிக்காதீர்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன்படி, தாங்கும் இடைவெளி 4.5 மீட்டர் வரையுள்ள தளத்துக்குக் குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள். இளம் கான்கிரீட்டில் விழுந்த தொய்வை எந்தப் பூச்சும் நிமிர்த்தாது.

எங்கள் கூடத்துச் சுவரில் பென்சிலால் எழுதிய அளவும் தேதியும் இன்னும் இருக்கின்றன. கர்டர் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்க்க விரும்பும் கொத்தனார் யாரும் வரலாம். கதவு திறந்தேதான் இருக்கும்.

இப்படிக்கு,
மாசி வீதிச் சந்து வீட்டுக்காரி ஒருத்தி