சிஸ்வாலில் கிடக்கும் பழைய பாஸ்வேர்டு: விண்டோஸ் டொமைன் அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சிஸ்டம் அட்மின்களுக்கு,

வணக்கம். உங்கள் டொமைன் (கணினிகளையும் கணக்குகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விண்டோஸ் நெட்வொர்க்) 2014-க்கு முன்பே ஓடத் தொடங்கியதா? அப்படியானால் ஒரு வேலையை இந்த வாரமே முடித்துவிடுங்கள்.

டொமைன் கணினிகளுக்கு அமைப்புகளை மையமாக அனுப்பும் முறைதான் குரூப் பாலிசி. விண்டோஸ் சர்வர் 2008-உடன் வந்த அதன் ‘பிரிஃபரன்சஸ்’ வசதி, எல்லாக் கணினிகளின் லோக்கல் அட்மின் பாஸ்வேர்டையும் ஒரே இடத்திலிருந்து மாற்ற வழி தந்தது. அந்தப் பாஸ்வேர்டு சிஸ்வாலில் (டொமைன் சர்வர்களில் பாலிசிக் கோப்புகள் இருக்கும் பொது ஃபோல்டர்) ஓர் எக்ஸ்எம்எல் கோப்பில் ‘சிபாஸ்வேர்டு’ (cpassword) என்ற பெயரில் பதிவாகும். ஏஇஎஸ் 256 பிட் என்ற வலுவான குறியாக்கப் பூட்டுதான். ஆனால் எல்லா டொமைனுக்கும் ஒரே சாவி. அதை மைக்ரோசாஃப்ட்டே தன் ஆவணத்தில் வெளியிட்டுவிட்டது. சிஸ்வாலையோ டொமைன் கணக்கு உள்ள எவரும் படிக்கலாம். நேற்று சேர்ந்த பயிற்சி ஊழியரின் லாகின் போதும், அத்தனை கணினிக்கும் அட்மின் ஆகிவிடலாம்.

2014 மே மாதம் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எம்எஸ்14-025 என்ற பாதுகாப்பு பேட்ச், புதிதாகப் பாஸ்வேர்டு சேமிப்பதை மட்டுமே தடுத்தது. பழைய கோப்புகளை அது தொடவில்லை. புது சர்வருக்கு மாறினாலும் சிஸ்வால் பிரதியாகி அவையும் கூடவே வரும்.

சிஸ்வாலின் பாலிசிஸ் ஃபோல்டரில் உள்ள எக்ஸ்எம்எல் கோப்புகள் அனைத்திலும் ‘சிபாஸ்வேர்டு’ என்று தேடுங்கள். குரூப்ஸ் கோப்போடு நின்றுவிடாதீர்கள். சர்வீசஸ், ஷெட்யூல்டு டாஸ்க்ஸ், டிரைவ்ஸ், டேட்டா சோர்சஸ் கோப்புகளிலும் இருக்கும். கிடைத்தால் முதலில் அந்தப் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பிறகு பாலிசி எடிட்டரில் அந்தப் பதிவை நீக்குங்கள். இந்த வரிசை முக்கியம். ஒவ்வொரு கணினியின் புரோகிராம்டேட்டாவிலும் குரூப் பாலிசி ஹிஸ்டரியாக ஒரு நகல் தங்கியிருக்கக்கூடும், பேக்கப்பிலும் இருக்கும். எல்லா நகலையும் தேடி அழிக்க முடியாது. செல்லாத பாஸ்வேர்டாக ஆக்கிவிடலாம்.

லோக்கல் அட்மினுக்கு இனி விண்டோஸ் லாப்ஸ், அதாவது அந்தப் பாஸ்வேர்டைத் தானே மாற்றிப் பாதுகாக்கும் வசதி. 2023 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து விண்டோஸ் 10, 11, சர்வர் 2019, 2022 ஆகியவற்றில் உள்ளேயே இருக்கிறது. கணினிக்கு ஒரு பாஸ்வேர்டு, இயல்பாக 14 எழுத்து, 30 நாளுக்கு ஒருமுறை தானாக மாறும். ஆக்டிவ் டைரக்டரியின் (டொமைனின் கணக்கு, கணினி விவரங்கள் இருக்கும் தரவுத்தளம்) ஸ்கீமாவை, அதாவது தரவு அமைப்பை, ஒருமுறை விரிவாக்குங்கள், கணினிகள் இருக்கும் ஓயூவில் (டைரக்டரிக்குள் கணினிகளைத் தொகுத்து வைக்கும் பிரிவு) அவை தம் பாஸ்வேர்டைத் தாமே எழுத அனுமதி கொடுங்கள், பிறகு லாப்ஸ் பாலிசியை அந்த ஓயூவோடு இணையுங்கள்.

இரண்டு இடத்தில் வழுக்கும். பாஸ்வேர்டை எங்கே சேமிப்பது என்ற அமைப்பில் ஆக்டிவ் டைரக்டரியைத் தேர்ந்தெடுக்காவிட்டால் லாப்ஸ் எதுவுமே செய்யாது, பிழைச் செய்தி வருமென்று காத்திருக்காதீர்கள். இன்னொன்று, டொமைனில் சேர்த்த கணினிகள் ‘கம்ப்யூட்டர்ஸ்’ என்ற இயல்புக் கண்டெய்னரிலேயே கிடப்பது. அது ஓயூ அல்ல, அதில் பாலிசியை இணைக்கவே முடியாது. ரெடிர்சிஎம்பி (redircmp) கட்டளையால் புதுக் கணினிகளை உங்கள் ஓயூவுக்குத் திருப்பிவிடுங்கள். பழையவற்றைக் கையால் நகர்த்த வேண்டும்.

பாலிசி போய்ச் சேர 90 நிமிடமும் அதற்கு மேல் 30 நிமிடம் வரையும் ஆகும். பிறகு ஒரு கணினியின் ஈவென்ட் வியூவரில் லாப்ஸ் பதிவுகளைத் திறந்து 10018 வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் புதுப் பாஸ்வேர்டு டைரக்டரியில் ஏறிவிட்டது.

இப்படிக்கு,
உங்களைப் போலவே டொமைன்களைப் பராமரிக்கும் சிலர்